எண்ணெய் பிரிஞ்சு மேல வந்துச்சா? குடும்பத்தோட கடையில சாப்பிடுறதும் கலோரி கணக்கும்

எங்க வீட்டுல யாரு குழம்பு வச்சாலும் அத்தை வந்து சட்டிய எட்டிப் பாத்துட்டு ஒரே கேள்விதான் கேப்பாங்க, "எண்ணெய் பிரிஞ்சு மேல வந்துச்சா?" வந்துச்சுன்னா மசாலா வெந்துடுச்சு, பச்சை வாசனை போயிடுச்சு, அடுப்ப அணைக்கலாம். நம்ம சமையல்ல பக்குவம்னா அதுதான். கடையில சமைக்கிறவருக்கும் அதே பக்குவம்தான், ஆனா அவரு பெரிய சட்டியில அம்பது பேருக்கு வைக்கிறாரு, மசாலா சீக்கிரம் வதங்கணும், பாக்க செவசெவன்னு இருக்கணும், மத்தியானம் வச்சது ராத்திரி வரைக்கும் அடி பிடிக்காம காயாம நிக்கணும், அதனால வீட்டுல நாம அளந்து ஊத்துற எண்ணெய அவரு தாராளமாத்தான் ஊத்துவாரு. இங்க சிங்கப்பூர்ல ரேஸ் கோர்ஸ் ரோடுல வாழை இலை முன்னாடி உக்காந்திருக்கும்போது மீன் தலைக் கறி சட்டி வந்து இறங்குமே, அதுல மேலாப்புல ஒரு செவப்பு ஏடு மினுமினுன்னு மிதக்கும் பாருங்க, நான் இங்க சொல்ல வர்ற விஷயத்துல பாதி அதுக்குள்ளதான் இருக்கு.

மீதி பாதி யாரு ஆர்டர் பண்றாங்கங்கிறதுல இருக்கு. அதுக்கு அப்புறம் வரேன்.

நான் ரெண்டு வருஷமா கலோரி பாத்து சாப்பிடுறேன். பாலிகிளினிக்ல, அதாவது இங்க இருக்கிற அரசாங்க கிளினிக்ல, ரத்தம் எடுத்துப் பாத்துட்டு சுகர் எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு சொன்னாங்க, எடையும் குறைக்கணும்னாங்க. அப்ப என் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா இருக்கான்னு பாக்குற எண்) 26, வெள்ளைக்காரங்க கணக்குல அது ஏதோ லேசா கூடின எடை மாதிரிதான், ஆனா ஆசியக்காரங்களுக்கு 23லேர்ந்தே ஆபத்து கூட ஆரம்பிக்குதுன்னுதான் சிங்கப்பூர்ல கணக்கு வைக்கிறாங்க, அதுலயும் நம்ம ஆளுங்களுக்கு அதே எடையில வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு ஜாஸ்தி. 2019-20ல எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்புல 18லேர்ந்து 74 வயசு வரைக்கும் இருக்கிற சிங்கப்பூர்வாசிங்கள்ல நூத்துக்கு 9.5 பேருக்கு நீரிழிவு, அதுல சீனங்கள விட மலாய்க்காரங்களுக்கும் இந்தியங்களுக்கும் தெளிவா அதிகம். அதனால இது அழகு விஷயம் கிடையாது, எனக்கு உயிர் விஷயம். ஆனா அதே நேரம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாமா, அத்தை, என் வீட்டுக்காரரு, ரெண்டு பிள்ளைங்க, சில சமயம் என் தம்பி குடும்பமும் சேர்ந்து வெளிய போய் சாப்பிடுறதும் எனக்கு உயிர்தான், அத விட நான் தயாரா இல்ல. ரெண்டையும் வச்சுக்க முடியுமான்னு பாத்ததுல தெரிஞ்சுகிட்டததான் எழுதுறேன்.

முதல்ல கணக்கு. நாம கலோரின்னு சொல்றது உண்மையில கிலோகலோரி, ஒரு கிலோ தண்ணிய ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு சக்தி வேணுமோ அது. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. இந்தக் கணக்க 19ஆம் நூற்றாண்டு கடைசியில அமெரிக்காவுல வில்பர் அட்வாட்டர்ங்கிறவரு போட்டுக் குடுத்தாரு, இன்னைக்கு வரைக்கும் டப்பா லேபிள்ல இருக்கிறது எல்லாம் அதோட வழியில வந்ததுதான். இந்த 9ங்கிற எண்ணை மட்டும் மனசுல வச்சுக்குங்க போதும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், அதாவது 120 கலோரி. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. அப்படின்னா நீங்க பயந்து பயந்து ஒதுக்கி வைக்கிற ஒரு அள்ளு சோறும், குழம்போட சேர்ந்து தெரியாமலே உள்ள போற ஒரு கரண்டி எண்ணெயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சோறு கண்ணுக்குத் தெரியும், அதனால அத குறைக்கிறோம். எண்ணெய் தெரியாது, அதனால அத யாரும் குறைக்கிறதில்ல. (சுகர் இருக்கிறவங்களுக்கு சோத்து அளவு தனியா முக்கியம்தான், அத நான் மறுக்கல, நான் பேசுறது மொத்தக் கலோரிய பத்தி.)

எண்ணெய் எப்படி ஒளிஞ்சிக்குதுன்னு பாத்தா நம்ம மெனுவே வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும். காலிஃபிளவர் 100 கிராமுக்கு 25 கலோரிதான், ஆனா அதையே மாவுல தோய்ச்சு பொரிச்சு கோபி மஞ்சூரியன்னு கொண்டு வந்தா அது பல மடங்கு ஆயிடும், நாம என்னமோ காய்கறி சாப்பிட்ட திருப்தியோட எந்திரிப்போம். பொரிக்கும்போது உள்ள இருக்கிற தண்ணி ஆவியா வெளிய வருது, எண்ணெயிலேர்ந்து தூக்கி எடுத்தப்புறம் ஆற ஆற அந்த ஆவி அடங்கி, மேல ஒட்டியிருக்கிற எண்ணெய அந்த ஓட்டைங்க உள்ள இழுத்துக்குது, நிறைய எண்ணெய் உள்ள போறதே அப்பதான். கத்திரிக்கா பஞ்சு மாதிரி, உள்ள முழுக்க காத்து, அதனால எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சிடும். மீன் தலைக் கறியில வெண்டைக்காயும் கத்திரிக்காயும் சேர்ந்து கிடக்கும், நான் வெண்டைக்காய எடுத்துக்குறேன், கத்திரிக்கா ஒரு துண்டோட நிறுத்திக்குறேன், ரொம்ப பிடிக்கும் எனக்கு ஆனா அப்படித்தான்.

அந்த மீன் தலைக் கறியையே எடுத்துக்குங்க. கேரளாவுலேர்ந்து வந்த கோமஸ்ங்கிறவரு 1949 வாக்குல இங்க ஆரம்பிச்சு வச்சதுன்னு சொல்லுவாங்க, சீனங்க மீன் தலைய விரும்பி சாப்பிடுறத பாத்து நம்ம குழம்புல போட்டாராம், சிங்கப்பூர்லயே பிறந்த சாப்பாடு. மீன் கலோரி கம்மிதான், கன்னச்சதைய எடுத்தா அருமையான புரதம். கலோரி எல்லாம் குழம்புல. கெட்டித் தேங்காப்பால் 100 மில்லிக்கே 200 கலோரிய தொடும், அதுக்கு மேல தாளிச்ச எண்ணெய். சில கடையில தேங்காப்பால் கம்மியா, புளி தூக்கலா வைப்பாங்க, கேட்டா சொல்லுவாங்க, கேக்குறதுல ஒண்ணும் தப்பில்ல. நான் என்ன செய்றேன்னா சட்டி வந்ததும் கரண்டிய மேல வைக்காம ஓரமா அடியில விட்டு எடுக்குறேன், மேல இருக்கிற எண்ணெய் ஏடு அப்படியே நின்னுக்கும். குழம்ப சோத்து மேல ஊத்தி குளம் கட்டாம பக்கத்துல வச்சு தொட்டு சாப்பிடுறேன். மீன் அதே மீன், ருசியும் அதேதான், ரெண்டு மூணு கரண்டி எண்ணெய் மட்டும் சட்டியிலயே தங்கிடுது.

இதே கண்ணோட தோசையையும் ப்ராட்டாவையும் (பரோட்டாவ இங்க அப்படித்தான் சொல்லுவோம்) பாருங்க. ரெண்டும் காலையில அதே கடையில பக்கத்துப் பக்கத்துல வேகுது. ப்ராட்டா ஏன் அடுக்கு அடுக்கா பிரியுதுன்னா மாவ விசிறி இழுத்து மடிக்கும்போது ஒவ்வொரு அடுக்குக்கு நடுவுலயும் நெய்யோ எண்ணெயோ இருக்கிறதாலதான், அது இல்லன்னா அடுக்கே கிடையாது, அதனால "எண்ணெய் கம்மியா ஒரு ப்ராட்டா"ன்னு கேக்குறதுல அர்த்தமே இல்ல. வெறும் ப்ராட்டா ஒண்ணே 200 கலோரிக்கு மேல, யாரும் ஒண்ணோட நிறுத்துறதும் இல்ல. சாதா தோசை அரிசி உளுந்து மாவு, கல்லுல ஒரு தடவு எண்ணெய், அவ்வளவுதான். இட்லிக்கு அதுவும் வேண்டாம், ஆவி. ஆனா பொடிக்கு நல்லெண்ணெய் குழி கட்டி ஊத்தினா கதை மாறிடும். பிரியாணி விஷயத்துல நான் ஒளிச்சு பேச விரும்பல, அரிசியே நெய்யில புரண்டு வருது, ஒரு தட்டு கோழி பிரியாணி 800 கலோரிய ஒட்டி போகும், அது வேணும்னா வேணும், ரெண்டு பேரு ஒரு தட்டு வாங்கி பிரிச்சுக்கலாம். தந்தூரிதான் நம்ம பக்கம் நிக்கிற ஆளு, தயிரும் மசாலாவும் தடவி அடுப்புல சுடுறாங்க, கொழுப்பு கீழ சொட்டிடும்.

சரி, கணக்கு தெரிஞ்சா மட்டும் ஏன் பத்தாது?

ஏன்னா வெளிநாட்டுல கலோரி லேபிள் வச்சு சமாளிக்கிற மாதிரி நம்மால முடியாது. அமெரிக்காவுல 20 கிளையோ அதுக்கு மேலயோ இருக்கிற கடைங்க 2018லேர்ந்து மெனுவுல கலோரி போட்டே ஆகணும், இங்கிலாந்துல 2022 ஏப்ரல்லேர்ந்து 250 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற நிறுவனங்க போடணும். சிங்கப்பூர்ல சாப்பாட்டுக்கு அப்படி கட்டாயம் கிடையாது. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014ல தொடங்கின திட்டத்துல சேர்ந்த கடைங்கள்ல 500 கலோரிக்குள்ளன்னு சில சாப்பாட்டுக்கு அடையாளம் போட்டிருப்பாங்க, ஃபுட் கோர்ட்ல பாத்திருப்பீங்க. பானத்துக்கு மட்டும் நியூட்ரி-கிரேடு வந்துச்சு, டப்பாவுல பாட்டில்ல வர்றதுக்கு 2022 டிசம்பர் 30லேர்ந்து, கடையில கலந்து குடுக்குறதுக்கு 2023 டிசம்பர் 30லேர்ந்து, சர்க்கரையோ நிறைவுற்ற கொழுப்போ கூடினா சி, டின்னு எழுத்து போடணும். இதெல்லாம் நல்லதுதான், நான் மனசார வரவேற்கிறேன். ஆனா லேபிள் ஒரு ஆளுக்கு ஒரு தட்டுங்கிற கணக்குல ஓடுது. நம்ம மேசையில தட்டு எங்க இருக்கு? நடுவுல நாலு சட்டி, அதச் சுத்தி ஆறு கை, இலையில சோறு வந்துகிட்டே இருக்கும், அப்பளம் கூடையோட வரும். மைசூர் மட்டன்ல நான் எத்தனை துண்டு எடுத்தேன், பையன் இலையில பாதி வச்சத நான் முடிச்சேனா, யாரு எண்ணுவா? ஆரம்பத்துல நான் கடையில உக்காந்து போன்ல ஆப்ப திறந்து ஒவ்வொண்ணா தட்டிகிட்டிருந்தேன், அத்தை ஒரு நாள், "ஏம்மா, சாப்பாடு ஆறுது, போனு ஓடியா போகுது?"ன்னாங்க. அவங்க குரல்ல கோபம் இல்ல, வருத்தம்தான் இருந்துச்சு. அன்னையிலேர்ந்து மேசையில போன் எடுக்கிறதில்ல.

சேர்ந்து சாப்பிட்டா ஏன் கூட சாப்பிடுறோம்ங்கிறதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. ஜான் டி காஸ்ட்ரோன்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர், ஜனங்கள என்ன சாப்பிட்டாங்க யாரோட சாப்பிட்டாங்கன்னு டைரி எழுத வச்சு பாத்தாரு. கூட உக்கார ஆள் கூடக் கூட ஒருத்தர் சாப்பிடுற அளவும் கூடுது, குடும்பமும் நண்பர்களும்னா இன்னும் கூட. முக்கிய காரணமா அவரு சொன்னது வேகமா சாப்பிடுறது இல்ல, ரொம்ப நேரம் சாப்பிடுறது. பேசிகிட்டே உக்காந்திருக்கோம், முன்னாடி சாப்பாடு இருக்கு, கை போகுது. இத படிச்சப்ப எனக்கு பெரிய நிம்மதி, ஏன்னா பேச்ச குறைக்க வேண்டாம், நேரத்தையும் குறைக்க வேண்டாம், முன்னாடி என்ன இருக்குங்கிறத மாத்தினா போதும்.

அது ஆர்டர் பண்ற ரெண்டு நிமிஷத்துல முடிவாகுது. நம்ம குடும்பங்கள்ல ஆர்டர் ஒரே ஒரு ஆள்தான் பண்ணுவாங்க, எங்க வீட்டுல மாமா. அவருக்கு மேசை நிறையணும், நிறையலன்னா கஞ்சத்தனம் பண்ணிட்டோமோன்னு தோணும், அந்தக் காலத்துல தேக்காவுல (லிட்டில் இந்தியா பக்கம்) ஒரு வாழை இலை சாப்பாட்டுக்கே யோசிச்ச மனுஷன் அவரு, அந்த மனச நான் மதிக்கிறேன். அதனால நான் அவரோட சண்டை போடல, கடைக்கு போறதுக்கு முன்னாடியே எம்ஆர்டி ரயில்ல உக்காந்து, "மாமா, இன்னைக்கு பொரிச்சது ஒண்ணு, குழம்பு ஒண்ணு, தந்தூரி ஒண்ணு சொல்லுவோமா, காய் ரெண்டு தட்டு எக்ஸ்ட்ரா வாங்குவோம்"னு சொல்லிடுவேன். முன்னாடியெல்லாம் ஆறு பேருக்கு ஆறு அயிட்டம் வரும், அதுல நாலு பொரிச்சதா இருக்கும், கோழி, இறால், சோத்தோங் (கணவா), கோபி. இப்பவும் மேசை நிறையுது, மாமாவுக்கு திருப்தி, பொரிச்சது ஒண்ணுதான் இருக்கிறதால ஆளுக்கு ரெண்டு துண்டோட அதுவா தீர்ந்துடுது, யாரும் யாரையும் தடுக்க வேண்டியதில்ல. பத்தலன்னா அப்புறம் சொல்லிக்கலாம்னு ஒரு வார்த்தையும் சேத்துப்பேன், இதுவரைக்கும் பத்தாம போனதில்ல. மிஞ்சினா முன்னாடி நாங்க கட்டாயப்படுத்தி முடிப்போம், இப்ப தப்பாவ் பண்ணி, அதாவது கட்டி வாங்கி, வீட்டுக்கு எடுத்துட்டு போயிடுறோம்.

பசியோட போகக் கூடாதுங்கிறதும் இங்கதான் வருது. நிறைய பேரு மத்தியானம் கடைக்கு போறோம்னு காலையில ஒண்ணும் சாப்பிடாம கலோரிய மிச்சம் பிடிப்பாங்க, நானும் செஞ்சேன், அப்புறம் அப்பளக் கூடைய நானே காலி பண்ணிட்டு குழம்பு வர்றதுக்கு முன்னாடியே 300 கலோரி ஏத்திக்குவேன். இன்சுலின் போடுறவங்களும், கிளிக்லசைடு கிளிப்பிசைடு மாதிரி சுகர் மாத்திரை எடுக்கிறவங்களும் இத செய்யவே கூடாது, சாப்பாட்ட விட்டா சுகர் கீழ இறங்கி மயக்கம் வரலாம், மாமாவுக்கு அந்த மாத்திரைதான், அதனால எங்க வீட்டுல காலையில ரெண்டு இட்லியாவது எல்லாரும் சாப்பிட்டுட்டுதான் கிளம்புவோம்.

வாழை இலைக்கடையில ஒரு நல்ல வசதி, உக்காந்ததும் முதல்ல காய்தான் வைப்பாங்க. குழம்பு வர்றதுக்குள்ள அத முடிச்சிட்டு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிடுறேன், அப்புறம் மீன், அப்புறம்தான் சோறு. சிங்கப்பூர்ல ஜெயக்குமார் ஹென்றியோட குழு 2020ல வெளியிட்ட ஒரு ஆய்வுல காய், இறைச்சி, சோறுங்கிற வரிசையில சாப்பிட்டப்ப ரத்தத்துல சுகர் ஏறுறது குறைஞ்சதுன்னு கண்டாங்க. இந்த வரிசையால கலோரி தானா குறையாது, அத தெளிவா சொல்லிடுறேன், ஆனா சோத்துக்கு வரும்போது வயிறு பாதி நிறைஞ்சிருக்கும். அப்புறம் ரசம். ரசம் பெரும்பாலும் தண்ணி, புளி, மிளகு, சூடா ரெண்டு டம்ளர் குடிச்சா சாப்பாடு முடிஞ்ச மாதிரி ஒரு நிறைவு வந்துடும், பேச்சு எவ்வளவு நேரம் போனாலும் கையில டம்ளர் இருக்கும்.

பரிமாறுறவர நிறுத்துறது எப்படின்னு கேப்பீங்க. நம்மகிட்ட ஏற்கனவே வழி இருக்கு, இலைய மூடிடுங்க. வாயால போதும்னா யாரும் நம்ப மாட்டாங்க, "என்ன போதும், இன்னொரு கரண்டி"ம்பாங்க, இலைய உங்க பக்கமா மடிச்சிட்டா கடைக்காரரும் வர மாட்டாரு அத்தையும் வர மாட்டாங்க, நல்லா சாப்பிட்டேங்கிற மரியாதையும் அதுலயே இருக்கு.

பானத்த பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல, மாங்கா லஸ்ஸியும் பண்டுங்கும் (ரோஸ் சிரப் கலந்த பால்) குடிச்சா அது இன்னொரு சாப்பாடு. லைம் ஜூஸ் சர்க்கரை இல்லாம, இல்லன்னா தண்ணி.

ஆனா தே, அதாவது இங்க கெட்டிப் பால் ஊத்திக் குடுக்குற டீ, அந்த விஷயம் சொல்லியே ஆகணும், ஏன்னா அது ஞாயித்துக்கிழமைய பத்தினது இல்ல, மத்த நாள பத்தினது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,800 கலோரி, ஆண்களுக்கு 2,200னு பொதுவா இங்க சொல்லுவாங்க. எனக்கு ஒரு மத்தியான சாப்பாட்டுக்கு 600னு வச்சுக்குவோம், ஞாயித்துக்கிழமை கடையில 1,400 போச்சுன்னா 800 கூட. ஏழு நாளைக்கு பிரிச்சா நாளுக்கு 115தான். இப்ப வேலையிடத்துல குடிக்கிற தே. கெட்டிப் பால் (சர்க்கரை சேத்த கண்டென்ஸ்டு மில்க்) 100 கிராமுக்கு 320 கலோரி மாதிரி, ஒரு கிளாஸுக்கு 40 கிராம் ஊத்தினாங்கன்னா 130. காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, அஞ்சு நாளைக்கு 1,300. குடும்பத்தோட சந்தோஷமா சாப்பிட்டதுல கூடின அந்த 800ஐ விட, கம்ப்யூட்டர பாத்துகிட்டே ருசி கூட தெரியாம குடிச்ச தே கூட! இந்தக் கணக்க ஒரு ராத்திரி போட்டுப் பாத்ததுலேர்ந்து நான் வாரநாள்ல பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறிட்டேன், முதல் ரெண்டு வாரம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமைய தொடல.

பிள்ளைங்க முன்னாடி இந்த எண்ணுங்க எதுவும் என் வாயில வராது. பொண்ணுக்கு 13 வயசு. அப்பா அம்மா எடைய பத்தி பேசப் பேச, கேலி பண்ணப் பண்ண பிள்ளைங்களுக்கு சாப்பாட்டு மேல பயமும் பட்டினி கிடக்குற பழக்கமும் வர்ற வாய்ப்பு கூடுதுன்னு பல ஆய்வு சொல்லுது. நம்ம சொந்தக்காரங்க பாசத்துலதான் "என்னடி குண்டாயிட்ட"ம்பாங்க, நான் உடனே பேச்ச மாத்திடுவேன், மாத்த முடியலன்னா "அப்படி சொல்லாதீங்க சித்தி"ன்னு நேராவே சொல்லிடுவேன், யாரு வருத்தப்பட்டாலும் சரி. அவளுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், காய் முதல்ல சாப்பிடு, ஆறிடும்.

கடைசியா திங்கக்கிழமை தராசு. கடையில சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறியிருக்கும், பாத்ததும் நிறைய பேரு மனசு உடைஞ்சு, இனிமே வரவே மாட்டேன்னு சொல்லிடுறாங்க, என் தம்பி பொண்டாட்டி அப்படித்தான் மூணு வாரம் வரல. ஒரு கிலோ கொழுப்பு சேரணும்னா தேவைக்கு மேல சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்கணும், ஒரு மத்தியானத்துல யாராலயும் முடியாது. ஏறினது பெரும்பாலும் தண்ணி. குழம்புல இருந்த உப்பு தண்ணிய பிடிச்சு வைக்குது, சோத்துலேர்ந்து வந்த மாவுச்சத்து கிளைக்கோஜனா ஈரல்லயும் தசையிலயும் சேரும்போது ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணியையும் சேத்து இழுத்துக்குது, ரெண்டு மூணு நாள்ல அதுவா இறங்கிடும். நான் இப்ப வியாழக்கிழமை காலையில மட்டும்தான் தராசுல ஏறுறேன். தம்பி பொண்டாட்டிக்கும் இத விளக்கி சொல்லியாச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை அவளும் வரா, மொத்தம் பத்து பேரு, மீன் தலை ஒண்ணு போதுமா ரெண்டு சொல்லணுமான்னு மாமா இப்பவே கேட்டுகிட்டிருக்காரு.